பெருகவும் சுருங்கவும் கற்ற யந்திரங்கள்

புதுச்சேரிப் பாரதி பூங்காவின் நடுவே நிற்கும் ஆயி மண்டபத்தைக் காண வருகிறவர்கள், அதன் வெண்ணிறத் தூண்களையும் பிரெஞ்சுச் சிற்ப லட்சணத்தையும் வியந்துவிட்டுப் போகிறார்களேயன்றி, அந்த மண்டபம் எந்தக் காரியத்தின் ஞாபகார்த்தமாக எழுப்பப்பட்டதோ அந்தக் காரியம் தொடங்கிய இடம் உழவர்கரையைச் சேர்ந்த முத்திரையர்பாளையம் என்பதைப் பெரும்பாலும் அறியாமலே திரும்புகிறார்கள். மூன்றாம் நெப்போலியன் பிரான்சை ஆண்ட காலத்தில், நல்ல குடிநீருக்கு ஏங்கியிருந்த நகரத்துக்கு, லாமைரெஸ் என்னும் பிரெஞ்சுப் பொறியாளரின் முயற்சியால் முத்திரையர்பாளையத்து நீர் கொண்டுவரப்பட்டது. தன் மாளிகையை இடித்துக் குளம் வெட்டிய ஆயி என்னும் பெண்ணின் கதை வழிவழியாக வந்து அந்த மண்டபத்துக்குப் பெயராயிற்று. ஊற்று இரவென்றும் பகலென்றும் பாராமல் ஒரே அளவாகச் சுரக்கும். ஊரோ விடியற்காலையில் குடத்தோடு வந்து நிற்கும், நடுநிசியில் ஒரு சொட்டும் கேளாது. சுரப்புக்கும் தேவைக்கும் இடையே உள்ள இந்தப் பொருத்தமின்மையைத் தீர்ப்பதற்குத் தேக்கத் தொட்டி என்ற ஒன்றை மனிதன் மிகப் பழங்காலத்திலேயே கண்டுபிடித்துவிட்டான்.

இந்தக் கட்டுரைக்கு விஷயமான சரித்திரம், தேக்கி வைக்க முடியாத ஒரு பொருளைப் பற்றியது. கணிப்பொறியின் உழைப்பு அத்தகையது. இன்றிரவு இரண்டு மணிக்குச் சும்மா இருந்த யந்திரத்தின் ஒரு மணி நேரத்தை நாளைக் காலை பத்து மணிக் கூட்டத்துக்காக எடுத்து வைக்க எந்தத் தொட்டியும் கிடையாது. ஆகவே கூட்டம் பெருகும்போது யந்திரங்களின் எண்ணிக்கையே பெருகவும், கூட்டம் கலையும்போது அது சுருங்கவும் ஓர் உபாயம் தேவைப்பட்டது. அந்த உபாயத்துக்குத்தான் இத்தொழிலில் இருப்பவர்கள் ஆட்டோ ஸ்கேலிங் என்று பெயர் சொல்லுகிறார்கள்.

உழவர்கரையில் இருந்துகொண்டு இதை எழுதுவதற்குக் காரணம் இல்லாமலில்லை. 1880-ஆம் ஆண்டு பிரெஞ்சு அரசாங்கம் தன் இந்தியப் பகுதிகளைக் கொம்யூன்களாகப் பிரித்தபோது தனிக் கொம்யூன் ஆகிய உழவர்கரை, அக்காலத்தில் பெயருக்கேற்ற பயிர்த் தொழில் பூமியாகவே இருந்தது. 2011-ஆம் ஆண்டின் ஜனத்தொகைக் கணக்கில் உழவர்கரை நகராட்சி சுமார் 3 லட்சம் பேரைக் கொண்டு, புதுச்சேரி நகராட்சியையே தொகையில் விஞ்சி நின்றது. தட்டாஞ்சாவடியில் தொழிற்பேட்டையும், இலாசுப்பேட்டையில் பாலிடெக்னிக்கும், கோரிமேட்டில் ஜிப்மரும், காலாப்பட்டில் 1985-இல் பாராளுமன்றச் சட்டத்தால் தோன்றிய பல்கலைக்கழகமும், அதன் அருகே பொறியியற் கல்லூரியும் அமைந்த பிறகு, இவ்வூர்க் குடும்பங்களில் பலவற்றில் ஒரு பிள்ளையாவது கணிப்பொறித் தொழிலுக்குப் போவது வழக்கமாகிவிட்டது. கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே சென்னைக்குச் சென்று சிறுசேரியிலும் சோழிங்கநல்லூரிலும் வேலை பார்க்கிறவர்களும், வீட்டு மாடியிலிருந்தே தூர தேசத்து சர்வர்களைக் கவனித்துக்கொள்ளுகிறவர்களும் ரெட்டியார்பாளையத்துத் தெருக்களில் இருக்கிறார்கள். நடு இரவில் கைபேசி ஒலித்து, 'லோட் ஏறிவிட்டது' என்று கேட்டவுடன் எழுந்து உட்காருவது இவர்கள் தொழிலின் ஒரு பகுதி. அந்த அழைப்பு வராமல் இருக்க வேண்டும் என்பதற்காகவே மேற்சொன்ன உபாயம் பிறந்தது.

எதிர்பாராமல் வரும் கூட்டத்துக்கு எத்தனை கருவிகளை வைத்திருக்க வேண்டும் என்ற கேள்வி கணிப்பொறிக்கு முந்தியது. கோபன்ஹேகன் தொலைபேசிக் கம்பெனியில் பணிபுரிந்த எர்லாங் என்னும் கணித நிபுணர், எந்த நிமிஷத்தில் எத்தனை பேர் பேச விரும்புவார்கள் என்பது நிச்சயமில்லாதபோது எத்தனை கம்பிகள் போட்டால் போதுமென்று கணிக்கும் வழியை ஆராய்ந்து, 1909-இல் தம் முதற் கட்டுரையை வெளியிட்டார். அவர் தந்த விடையின் சாரம் யாதெனில், எல்லோருக்கும் எப்பொழுதும் கம்பி கிடைக்க வேண்டுமென்றால் செலவு எல்லையற்றதாகும். நூற்றில் எத்தனை பேரைத் திருப்பியனுப்பச் சம்மதிக்கிறீர்கள் என்று முதலில் சொல்லுங்கள், அதற்குத் தக்க எண்ணிக்கையைக் கணக்கிடலாம் என்பதாகும். ஆனால் கம்பியைப் போட்டபின் அதைப் பிடுங்க முடியாது. உச்ச நேரத்துக்கென்று போட்டது மற்ற நேரங்களிலும் கிடந்தே ஆக வேண்டும்.

கணிப்பொறி வந்தபோதும் இந்நிலை மாறவில்லை. 1961-இல் மாஸாசூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் நூற்றாண்டு விழாவில் பேசிய ஜான் மெக்கார்த்தி, தொலைபேசியைப் போலக் கணிப்பும் ஒரு நாள் பொது வசதியாகி, உபயோகித்த அளவுக்கு மட்டும் பணம் கட்டும் காலம் வரக்கூடுமென்று சொன்னார். அதே பத்தாண்டில் ஐபிஎம் ஸ்தாபனத்தின் கேம்பிரிட்ஜ் ஆராய்ச்சிக் கூடத்தார், ஒரே பெரிய யந்திரத்துக்குள் பல யந்திரங்கள் தனித்தனியே இருப்பதாகத் தோற்றும்படி செய்யும் முறையைக் கண்டு, 1972-இல் விஎம்/370 என்ற பெயரில் அதை விற்பனைக்கு அறிவித்தார்கள். இன்று மெய்நிகர் யந்திரம் அல்லது வெர்ச்சுவல் மெஷின் என்று நாம் சொல்லுவது அந்த வம்சத்தைச் சேர்ந்தது. பல ஆண்டுகள் பெரிய ஸ்தாபனங்களின் உடைமையாகவே இருந்த இந்த வித்தையை, 1998-இல் தொடங்கிய விஎம்வேர் கம்பெனியும், 2003-இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்திலிருந்து வெளிவந்த ஸென் என்ற மென்பொருளும் சாதாரண மலிவு விலைக் கணிப்பொறிகளுக்கும் கொண்டுவந்து சேர்த்தன.

இதன் முக்கியத்துவத்தைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். உண்மையான சர்வர் ஒன்றை வாங்குவதென்றால் விலை விசாரித்து, உத்தரவு அனுப்பி, வாரக்கணக்கில் காத்திருந்து, வந்த பெட்டியைப் பிரித்து, அலமாரியில் பொருத்தி, கம்பிகளை இணைத்து, மென்பொருளை ஏற்றியாக வேண்டும். மெய்நிகர் யந்திரமோ ஒரு கோப்பு. அதைப் பிரதியெடுத்தால் இன்னொரு யந்திரம் பிறக்கிறது, அழித்தால் மறைகிறது. 2006-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் அமேஸான் ஸ்தாபனம் ஈசி2 என்ற பெயரில் இத்தகைய யந்திரங்களை மணிக்குப் பத்து அமெரிக்க சென்ட் வாடகைக்கு விடத் தொடங்கியபோது, எர்லாங் காலத்திலிருந்து அசையாதிருந்த ஒரு நிபந்தனை அசைந்தது: போட்டதைப் பிடுங்கலாம்.

அதன் பலனை உலகம் கண்ணால் கண்டது 2008-ஆம் ஆண்டு ஏப்ரலில். புகைப்படங்களைக் கோத்துச் சங்கீதத்துடன் சலனப்படமாக்கித் தரும் அனிமோட்டோ என்ற சிறு கம்பெனி, ஃபேஸ்புக்கில் தன் சேவையை இணைத்த சில நாட்களுக்குள், சுமார் ஐம்பது யந்திரங்களிலிருந்து மூவாயிரத்து நானூறுக்கு மேல் பெருக வேண்டியதாயிற்று. சொந்தமாக ஒரு சர்வர் அறைகூட இல்லாத கம்பெனி மூன்று நாட்களில் இவ்வளவு பெரிய யந்திரப் படையைத் திரட்டியதும், கூட்டம் குறைந்தபின் அதைக் கலைத்ததும் அன்றைக்கு அதிசயம்தான். மறு ஆண்டு, 2009 மே மாதத்தில், அமேஸான் மூன்று சேவைகளை ஒருங்கே வெளியிட்டது: யந்திரங்களின் நிலையை அளந்து சொல்லும் கிளவுட்வாட்ச், வரும் வேலையைப் பல யந்திரங்களுக்குப் பகிர்ந்தளிக்கும் லோட் பேலன்சர், அளவைப் பார்த்து யந்திரங்களைக் கூட்டிக் குறைக்கும் ஆட்டோ ஸ்கேலிங். மூன்றும் ஒன்றாக வந்தது தற்செயலன்று. அளக்காமல் கூட்ட முடியாது. கூட்டிய யந்திரத்துக்கு வேலையைப் பகிர ஆளில்லாவிட்டால் கூட்டியும் பயனில்லை.

ஏற்பாடு செய்யும் முறை இப்படியானது. முதலில் நமக்கு வேண்டிய மென்பொருள் அனைத்தும் ஏறிய ஒரு மாதிரி யந்திரத்தைத் தயாரித்து, அதை அச்சாக வைத்துக்கொள்ளுகிறோம். பின்பு ஒரு குழுவை அமைத்து அதற்கு மூன்று எண்களைக் கொடுக்கிறோம்: எந்த நிலையிலும் இதற்குக் கீழே போகாதே, எந்த நிலையிலும் இதற்கு மேலே ஏறாதே, இப்போதைக்கு இத்தனை இருக்கட்டும். அதன்மேல் விதி ஒன்று எழுதுகிறோம். யந்திரங்களின் மூளை சராசரியாக நூற்றுக்கு எழுபது பங்குக்கு மேல் ஐந்து நிமிஷம் உழைத்துக்கொண்டிருந்தால் இரண்டைக் கூட்டு. முப்பதுக்குக் கீழே இறங்கியிருந்தால் ஒன்றைக் குறை என்பது போன்ற விதி. கூட்டியவுடன் மறுபடி அளக்காமல் சிறிது நேரம் பொறுத்திரு என்ற கட்டளையும் அதில் அடங்கும். இந்தக் கடைசிக் கட்டளையை அலட்சியம் செய்தவர்கள் பட்ட பாடு சொல்லத்தரமன்று. புதிய யந்திரம் எழுந்து வேலை தொடங்குமுன்பே மறுபடி அளந்து, இன்னும் லோட் குறையவில்லையே என்று மேலும் இரண்டு, மேலும் இரண்டு என்று கூட்டி, அவையெல்லாம் ஒருசேர எழுந்ததும் லோட் அடியோடு விழுந்து, உடனே குறைக்கத் தொடங்கி, குறைத்ததனால் மறுபடி ஏறி, இப்படி இரவெல்லாம் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும் யந்திரக் குழுவை இத்தொழிலில் உள்ளவர்கள் நன்கு அறிவார்கள்.

இதுவும் புதிய நோயன்று. 1788-இல் ஜேம்ஸ் வாட் தம் நீராவி யந்திரத்தில் சுழலும் இரண்டு குண்டுகளைப் பொருத்தி, வேகம் மிகுந்தால் நீராவியை அடைக்கவும் வேகம் குறைந்தால் திறக்கவும் செய்தார். சில யந்திரங்களில் அந்தக் கருவி நிலைகொள்ளாமல் வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் அலைக்கழித்தது. அதற்குக் காரணம் தேடிய ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல், 1868-இல் இத்தகைய கருவிகள் எப்பொழுது நிலைபெறும், எப்பொழுது அலையும் என்பதைக் கணித ரீதியாக விளக்கினார். தவறை அறிந்துகொள்ளுவதற்கும் அதைத் திருத்துவதற்கும் இடையே காலதாமதம் இருக்குமானால், திருத்தமே புதிய தவறாக முடியும் என்பதை அக்கலையின் மாணவர்கள் அதன்பின் நன்கு உணர்ந்தார்கள். சர்வர்களைக் கூட்டிக் குறைக்கும் விதியை எழுதுகிறவர்கள் மாக்ஸ்வெல்லின் பெயரைக் கேள்விப்படாமல் இருக்கலாம். ஆயினும் அவர் ஆராய்ந்த அதே வியாதியோடுதான் போராடுகிறார்கள்.

குறைப்பதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், ஏனென்றால் கூட்டுவதைப் பற்றிப் பேசுகிறவர்கள் அநேகர், குறைப்பதைப் பற்றிப் பேசுகிறவர்கள் சிலர். என் அபிப்பிராயத்தில் இந்த முறையின் அருமை முழுவதும் குறைப்பதில்தான் இருக்கிறது. ஒரு யந்திரத்தை எந்த நிமிஷத்திலும் கைவிடலாம் என்றால், அதற்குள் மட்டும் இருக்கும்படியான எந்தச் செய்தியும் இருக்கலாகாது. வாடிக்கையாளர் பாதி நிரப்பிய படிவமும், கூடையில் போட்ட சரக்கும், உள்ளே நுழைந்த அடையாளமும் வேறொரு பொது இடத்தில் பத்திரமாக இருக்க வேண்டும். கைவிடுமுன் அந்த யந்திரம் ஏற்றுக்கொண்ட வேலைகளை முடித்துக்கொடுக்க அவகாசம் தர வேண்டும். இந்தக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டு மென்பொருளைத் திரும்ப எழுதுவதற்கே கம்பெனிகள் வருஷக்கணக்கில் பிரயாசைப்பட்டன. வாடகைக் கணக்கும் ஆரம்பத்தில் குறைப்பதற்கு அனுகூலமாக இல்லை. மணிக்கணக்கில் வாடகை வசூலித்த காலத்தில், பத்து நிமிஷம் உழைத்த யந்திரத்தை விடுவித்தாலும் முழு மணி நேரத்துக்கும் பணம் கட்ட வேண்டியிருந்தது. 2017 அக்டோபரில் அமேஸான் லினக்ஸ் யந்திரங்களுக்கு நொடிக்கணக்கில் வாடகை வாங்க முற்பட்ட பிறகே, சிறு ஏற்ற இறக்கங்களுக்கும் உடனே சுருங்குவது லாபகரமாயிற்று.

இந்தியாவுக்கு இந்த வித்தை வந்தபோது அது சந்தித்த கூட்டம், அதைப் படைத்தவர்கள் மனத்தில் கொண்ட கூட்டத்தினும் வேறானது. மேனாட்டு வியாபாரத் தளங்களில் பெரும்பாலும் காலையில் மெல்ல ஏறி மாலையில் மெல்ல இறங்கும் நடமாட்டத்தைப் பார்த்து விதிகள் செய்யப்பட்டன. நம் நாட்டுக் கூட்டமோ மணி அடித்ததும் வருவது. ரயில்வேயின் தட்கல் சீட்டுக்குக் குளிர்சாதன வகுப்புக்குக் காலை 10 மணி, மற்ற வகுப்புக்கு 11 மணி. பரீட்சை முடிவுக்கு அறிவித்த வேளை. பண்டிகை விற்பனைக்கு நள்ளிரவோ காலை எட்டு மணியோ. ஐந்து நிமிஷ சராசரியைப் பார்த்து, பிறகு யந்திரத்தை எழுப்பும் விதி, முதல் நிமிஷத்திலேயே கதவை முட்டும் கூட்டத்துக்கு எந்த விதத்திலும் உதவ முடியாது. கூட்டம் வந்து பூசலிட்டுக் கலைந்த பிறகுதான் அந்த யந்திரங்கள் கண் விழிக்கும்.

2014-ஆம் ஆண்டு அக்டோபர் 6-ஆம் தேதி ஃபிளிப்கார்ட் கம்பெனி தன் முதல் 'பிக் பில்லியன் டே' விற்பனையை நடத்தியபோது, சுமார் ஐயாயிரம் சர்வர்களை நிறுத்தி, வழக்கத்தைவிட இருபது மடங்கு நடமாட்டத்துக்குத் தயாராக இருந்தும், வந்த கூட்டம் அதையும் மீறியதால் தளம் தடுமாறிற்று. மறுநாள் அதன் ஸ்தாபகர்கள் இருவரும் வாடிக்கையாளர்களுக்கு எழுதிய மன்னிப்புக் கடிதத்தில் இந்தத் தொகைகளை வெளிப்படையாகச் சொன்னார்கள். அந்த வெளிப்படைப் பேச்சு பாராட்டத்தக்கது. அந்த நாள் இந்தியக் கணிப்பொறித் தொழிலுக்கு ஒரு பாடசாலையாக அமைந்தது. உச்ச நேரத்தை ஊகித்தால் போதாது, அதைப் போலியாக உண்டாக்கி முன்கூட்டியே ஒத்திகை பார்க்க வேண்டும் என்ற வழக்கம் அதன்பின் பலமடைந்தது.

அந்த ஒத்திகையைக் கலையாகவே வளர்த்தவர்கள் 2015-இல் தொடங்கிய ஹாட்ஸ்டார் ஸ்தாபனத்தார். 2019-ஆம் ஆண்டு உலகக் கோப்பைக் கிரிக்கெட்டின் அரையிறுதியில் இந்தியாவும் நியூஸிலாந்தும் மான்செஸ்டரில் மோதின. ஜூலை 9-ஆம் தேதி மழையால் நின்ற ஆட்டம் மறுநாள் தொடர்ந்தது. தோனி மட்டையோடு நின்ற அந்த மாலையில் ஒரே சமயத்தில் 2 கோடியே 53 லட்சம் பேர் ஹாட்ஸ்டாரில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது அன்றைய உலக சாதனை. இத்தகைய ஆட்டங்களில் நிமிஷத்துக்குப் பத்து லட்சம் பேர் வரை புதிதாக வந்து சேர்வதுண்டு என்று அந்தப் பொறியாளர்கள் பின்னர் பொதுமேடையில் விவரித்தார்கள். புதிய யந்திரம் எழுந்து, மென்பொருள் ஓடத் தொடங்கி, லோட் பேலன்சரின் பரிசோதனையில் தேறி வேலைக்கு வருவதற்கு ஒரு நிமிஷத்துக்கும் மேலாகும். அதற்குள் பத்து லட்சம் பேர் வந்துவிடுகிறார்கள். அதனால் அவர்கள் வாடகை ஸ்தாபனம் அளித்த ஆட்டோ ஸ்கேலிங் விதியை அப்படியே நம்பவில்லை. யந்திரத்தின் மூளை எவ்வளவு உழைக்கிறது என்று பார்ப்பதை விட்டு, எத்தனை பேர் பார்க்கிறார்கள், நொடிக்கு எத்தனை கேள்விகள் வருகின்றன என்பதை அளந்து, இத்தனை லட்சத்துக்கு இத்தனை யந்திரம் என்று படிகளை முன்கூட்டியே வகுத்து, ஆட்டம் தொடங்குமுன்பே முதற் படிகளை எழுப்பி வைத்து, எப்பொழுதும் இருக்கும் கூட்டத்தைவிடச் சில படிகள் மேலேயே நிற்கும் முறையைத் தாங்களே செய்துகொண்டார்கள்.

தோனி ஆட்டமிழந்த கணம் இந்தச் சரித்திரத்தில் தனியாகக் குறிக்கத்தக்கது. மார்ட்டின் கப்டிலின் எறி விக்கெட்டில் பட்டதும் கோடிக்கணக்கானவர்கள் ஆட்டத்தை விட்டு விலகினார்கள். கூட்டம் கலைந்தால் யந்திரங்களுக்கு ஓய்வு என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் ஆட்டத்தை விட்டு விலகுகிறவன் கைபேசியில் பின்செல்லும் பொத்தானை அழுத்துகிறான். அழுத்தியதும் முகப்புப் பக்கம் திறக்கிறது. அந்தப் பக்கம் அவரவர் ரசனைக்கேற்பத் தனித்தனியாகத் தயாரிக்கப்படுவது. சலனப்படத்தை அனுப்பும் வேலை சரசரவென்று குறையும் அதே வேளையில், முகப்புப் பக்கத்தைத் தயாரிக்கும் வேலை மலைபோல் எழுகிறது. பார்ப்பவர் தொகை குறைகிறதே என்று யந்திரங்களை விடுவித்திருந்தால், அந்தக் கணத்தில் முகப்பு அடியோடு சாய்ந்திருக்கும். இந்த நுட்பத்தை முன்பே கண்டு, ஜனங்கள் வெளியேறும் வழிக்கும் யந்திரங்களை நிறுத்தி வைத்திருந்தது அவர்கள் விவேகத்துக்குச் சான்று. மிகவும் நெருக்கடியானால் சிபாரிசுப் பட்டியல் முதலிய அலங்காரச் சேவைகளை அணைத்துவிட்டு, ஆட்டம் மட்டும் தடையின்றி ஓடும்படி செய்யவும் ஏற்பாடு இருந்தது. நான்கு ஆண்டுகளுக்குப் பின், 2023 நவம்பரில் அகமதாபாத்தில் நடந்த உலகக் கோப்பை இறுதியாட்டத்தில், ஒரே சமயத்தில் பார்த்தவர்களின் தொகை 5 கோடியே 90 லட்சமாக உயர்ந்தது.

ரயில்வேயின் கதை வேறு வகையான பாடம். 2002 ஆகஸ்டு 3-ஆம் தேதி இணையம் வழியே சீட்டு விற்கத் தொடங்கியபோது முதல் நாளில் விற்றவை 29 என்று சொல்லப்படுகிறது. 2014 ஏப்ரலில், ரயில்வேயின் சொந்தக் கணிப்பொறி அமைப்பாகிய கிரிஸ் தயாரித்த புதிய முறை வந்தபோது, நிமிஷத்துக்கு 2,000 சீட்டுகள் என்றிருந்த கொள்ளளவு 7,200 ஆயிற்று. இவ்வளவு பெருகியும் தட்கல் நேரத்தில் ஜனங்களின் மனக்குறை தீரவில்லை. முகப்பில் எத்தனை யந்திரங்களை வேண்டுமானாலும் கூட்டலாம். ஆனால் ஒரு பெட்டியில் ஒரு படுக்கையை ஒருவருக்குத்தான் கொடுக்கலாம், அந்தக் கணக்கு ஒரே பேரேட்டில் எழுதப்பட வேண்டும். பேரேட்டை இரண்டாக்கினால் ஒரே படுக்கையை இருவருக்கு விற்கும் விபரீதம் நேரும். முகப்பு யந்திரங்கள் பத்து நூறாகப் பெருகி எல்லாமாகச் சேர்ந்து அந்தப் பேரேடாகிய ஒரே டேட்டாபேஸின் கதவைத் தட்டினால், முகப்பு பெருகியதே டேட்டாபேஸுக்கு ஆபத்தாக முடிவதும் உண்டு. ஆட்டோ ஸ்கேலிங் ஏற்பாடு செய்கிற இளைஞர்கள் இந்த உண்மையை முதல் வருஷத்திலேயே கற்றுக்கொள்ள வேண்டுமென்பது என் ஆசை. எத்தனை யந்திரம் வரை ஏறலாம் என்ற மேல் எல்லையை நிர்ணயிக்க வேண்டியது பணப்பை மாத்திரமல்ல. பின்னால் இருக்கும் பேரேடு எத்தனை இணைப்புகளைத் தாங்கும் என்ற கணக்குமாகும்.

அரசாங்கமும் இவ்வழியில் வந்தது. தேசியத் தகவலியல் மையம் 2014 பிப்ரவரியில் மேகராஜ் என்ற தேசிய மேகத்தைத் திறந்துவைத்தது; இத்தகைய வாடகை யந்திரத் தொகுதியை மேகம், அதாவது கிளவுட், என்பது வழக்கம். அரசாங்கத் தளங்களுக்கு வரும் கூட்டத்துக்குப் பரீட்சை முடிவே நல்ல உதாரணம். புதுச்சேரியில் நெடுங்காலம் தமிழ்நாட்டுப் பாடத்திட்டமே நடைமுறையில் இருந்ததால், பிளஸ் டூ முடிவு வெளியாகும் காலையில் உழவர்கரைப் பிள்ளைகளும் கன்னியாகுமரிப் பிள்ளைகளும் ஒரே தளத்தின் கதவை ஒரே நிமிஷத்தில் தட்டினார்கள். ஆண்டின் மற்ற முந்நூற்று அறுபத்துச் சொச்சம் நாட்களில் ஏறத்தாழ யாரும் எட்டிப் பாராத தளம் அது. இத்தகைய தளத்துக்குச் சொந்த யந்திரம் வாங்கி வைப்பது எவ்வளவு வீண் என்பதும், வாடகை யந்திரம் எவ்வளவு பொருத்தம் என்பதும் விளக்காமலே விளங்கும். 2021 ஏப்ரல் 28-ஆம் தேதி மாலை 4 மணிக்குப் பதினெட்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்குக் கோவிட் தடுப்பூசிப் பதிவு தொடங்கியபோது கோவின் தளம் சிறிது நேரம் திணறிற்று; ஆயினும் அன்றிரவுக்குள் ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்கள் பெயரைப் பதிந்துகொண்டார்கள். மக்கள் மருத்துவமனை வாசல்களில் மூச்சுக்குத் தவித்த மாதத்தில் அந்தத் தளம் எழுந்து நின்றதை நினைக்கும்போது, யந்திரங்களின் எண்ணிக்கையைப் பற்றிய இந்த வறண்ட கணக்கு உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் என்பது புலனாகிறது.

2015 செப்டம்பரில் மைக்ரோஸாஃப்ட் ஸ்தாபனம் புனே, மும்பை, சென்னை ஆகிய மூன்று இடங்களில் தன் அஷ்யூர் மேகத்தின் பிராந்தியங்களைத் திறந்தது. 2016 ஜூனில் அமேஸான் மும்பையில் திறந்தது. அதற்கு முன் சிங்கப்பூரிலோ அயர்லாந்திலோ யந்திரம் எடுத்துக்கொண்டிருந்த நம்மூர்ச் சிறு கம்பெனிகளுக்கும் தாய்நாட்டு மண்ணிலேயே பெருகிச் சுருங்கும் வசதி கிடைத்தது. அவர்களுக்கு நான் வற்புறுத்திச் சொல்ல விரும்புவது மேல் எல்லையைப் பற்றித்தான். வாடிக்கையாளர் கூட்டத்தையும், தளத்தைக் கெடுக்க வரும் போலிக் கூட்டத்தையும் விதி தானாக வேறுபடுத்தி அறியாது. இரண்டுக்கும் ஒரே உற்சாகத்தோடு யந்திரத்தைக் கூட்டும். எல்லையைத் தாராளமாக எழுதிவைத்துவிட்டு உறங்கப் போனவர், மாதக் கடைசியில் வரும் பில்லைப் பார்த்துத் திகைக்க நேரும். அதுபோலவே கீழ் எல்லையை ஒன்று என்று எழுதிவைப்பதும் சிக்கனமாகாது. அந்த ஒன்று நின்றுவிட்டால், அடுத்தது எழும்வரை கடை மூடியிருக்கும்.

வருமுன் அறியும் முயற்சிகளும் நடந்தேறின. நெட்ஃபிளிக்ஸ் ஸ்தாபனம் 2013-இல் ஸ்கிரையர் என்ற கருவியை விவரித்தது. கடந்த நாட்களின் நடமாட்டத்தைக் கணக்கிட்டு, வரப்போகும் தேவைக்கு முன்பே யந்திரங்களை எழுப்புவது அதன் வேலை. 2018-இல் அமேஸானும் இத்தகைய முன்னறிவு முறையை வாடிக்கையாளர்களுக்கு அளித்தது. இந்த முறை கடந்த பதினான்கு நாட்கள் வரையிலான நடமாட்டத்தை ஆராய்ந்து அடுத்த நாற்பத்தெட்டு மணி நேரத்தை ஊகிக்கிறது. திங்கட்கிழமைக் காலையும் ஞாயிற்றுக்கிழமை மாலையும் எப்படி இருக்கும் என்பதை அது மிக நன்றாக அறியும். ஆனால் பதினான்கு நாள் ஞாபகத்தில் தீபாவளி இல்லை. மாசி மகம் இல்லை. பிளஸ் டூ முடிவும், வாக்கு எண்ணும் நாளும், இந்தியா அரையிறுதிக்குத் தகுதி பெற்ற செய்தியும் இல்லை. ஆகையால் நம் நாட்டுப் பொறியாளர்கள் மூன்று முறைகளைக் கலந்தே பிரயோகிக்கிறார்கள்: அன்றாட ஏற்றத்துக்கு முன்னறிவு முறை, எதிர்பாராத சிறு பெருக்கத்துக்கு அளந்து கூட்டும் விதி, நாள் குறித்து வரும் பெருங்கூட்டத்துக்குக் காலண்டரைப் பார்த்துக் கையால் எழுதும் அட்டவணை. அட்டவணையில், முடிவு வெளியாகும் வேளைக்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே கீழ் எல்லையை இரண்டிலிருந்து நாற்பதுக்கு உயர்த்து என்றும், மாலையில் பழைய நிலைக்குக் கொண்டுவா என்றும் எழுதுகிறார்கள். அதை எழுதும்போது நேர மண்டலத்தையும் கூடவே குறிப்பிட வேண்டும். குறிப்பிடாவிட்டால் இந்த ஏற்பாடுகளில் பல உலகப் பொது நேரத்தையே கணக்கில் எடுத்துக்கொள்ளும். நம் காலை 9.30 மணி அந்த நேரப்படி விடியற்காலை 4 மணி. 9.30 என்றே எழுதிவிட்டால் யந்திரங்கள் எழுவது இங்கே பிற்பகல் 3 மணிக்கு. அதற்குள் பிள்ளைகள் மதிப்பெண்ணைப் பார்த்து, தெருவெல்லாம் மிட்டாய் கொடுத்து முடித்திருப்பார்கள்.